வடசென்னையில் திறந்தவெளிக் கலைவிழா: மணல், காற்று, தோல், பத்து மணி

பொங்கலை ஒட்டி வடசென்னையின் மைதானங்களிலும் பூங்காக்களிலும் கலைநிகழ்ச்சிகள் நடக்கும்போது, பார்க்க வந்தவர்களிடம் சில கேள்விகள் திரும்பத் திரும்ப எழுகின்றன. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்க, விழாவை ஏன் வீடுகளுக்கு நடுவே வைக்கிறார்கள்? பறையாட்டக் குழு ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஏன் ஓரமாகப் போய்த் தீ மூட்டுகிறது? முன்னால் காதைப் பிளக்கும் சத்தம் பின்னால் நிற்பவருக்கு ஏன் கேட்பதில்லை? கூத்து சூடுபிடிக்கும் நேரத்தில் ஏன் முடித்துவிடுகிறார்கள்?

ஏற்பாட்டாளர்களின் அலட்சியம் என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அதுவும் சில இடங்களில் உண்டு. ஆனால் இந்தக் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை கடலில் இருக்கிறது. மணலைக் கொண்டுபோனது, காற்றை அனுப்புவது, தோலை நனைப்பது, ஊர் தூங்கும் நேரத்தை முடிவுசெய்வது எல்லாம் கடல்தான். இதைக் கணக்கில் எடுத்துத் திட்டமிட்ட விழா நன்றாக நடக்கும். மெரினாவுக்குப் போட்ட திட்டத்தை அப்படியே ராயபுரத்துக்குக் கொண்டுவந்தால் தடுமாறும்.

மணல் எங்கே போனது?

சோழமண்டலக் கரையில் அலைகள் கரைக்கு நேராக வந்து மோதுவதில்லை, சாய்வாக வருகின்றன. அந்தச் சாய்வு மணலைக் கரையோரமாகவே தள்ளிக்கொண்டு போகும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மணல் வடக்கே போகிறது, வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திரும்புகிறது. ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம்.

1870-களில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கற்சுவர் எழுப்பத் தொடங்கியதும் வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் தடைபட்டது. சுவருக்குத் தெற்கே சேர்ந்த மணல் மெரினாவை அகலமாக்கியது. வடக்கே ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வரை கரை அரிக்கப்பட்டது. அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டிய தடுப்புச்சுவரும், கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகளும் வந்தன. தூண்டில் வளைவுகளின் இடுக்கில் அங்கங்கே மணல் திட்டு சேர்ந்திருக்கிறது. ஆனால் ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து பார்க்கிற பரப்பு அதில் கிடைக்காது. இருக்கிற திட்டும் படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் வேண்டியிருக்கிறது, அதன்மேல் முதல் உரிமை மீனவர்களுடையது.

ஆகவே வடசென்னையில் விழா ஊருக்குள் வந்துவிடுகிறது. மாநகராட்சி விளையாட்டுத் திடல், பூங்கா, பள்ளி மைதானம், கோயில் தேரடி ஆகியவைதான் மேடைகள். ராயபுரம் ராபின்சன் பூங்காவில் 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் நடந்தது. தெருவும் திடலும் சேர்ந்து அரங்கமாவது இந்தப் பகுதிக்குப் புதிய பழக்கமல்ல. 2007-இல் தொடங்கி, இடையில் நின்று, 2023 பொங்கலில் மீண்டும் வந்த சென்னை சங்கமம் கலைவிழாவும் பூங்காக்களையும் திடல்களையும்தான் நம்பியிருந்தது.

ஊருக்குள் வந்த விழாவுக்கு இரண்டு வகைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு சாரார் பார்க்க வந்தவர்கள். மற்றவர்கள் சுற்றி நாலு தெருவில் கைக்குழந்தையைத் தூங்கவைக்கிறவர்கள், தேர்வுக்குப் படிக்கிறவர்கள், விடியுமுன் வேலைக்குப் போகிறவர்கள். மெரினாவில் மேடை போட்டால் பின்னால் இருப்பது கடல். இங்கே நாலு பக்கமும் ஜன்னல்கள்.

ஊரின் மணிக்கணக்கு

காசிமேட்டில் ஃபைபர் படகுகள் நள்ளிரவு தாண்டிக் கிளம்புகின்றன. மீன் ஏலம் விடியுமுன்னே தொடங்கிவிடும். ஏலம் எடுத்து விற்கும் பெண்கள் இரண்டு, மூன்று மணிக்கு எழுந்தாக வேண்டும். ஞாயிறுதான் அங்கே வாரத்தின் கடுமையான வேலைநாள். ஊர் முழுக்க ஓய்வெடுக்கும் சனிக்கிழமை இரவில் மீனவக் குடும்பங்கள் சீக்கிரமே படுத்தாக வேண்டும்.

இந்த ஒரு விவரத்தைக் கவனிக்காததால்தான் பல விழாக்களில் உள்ளூர்க்காரர்கள் குறைவாகத் தெரிகிறார்கள். முக்கியமான குழுவைச் சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு மேடையேற்றினால், பக்கத்துத் தெருப் பெண்கள் அதைப் பார்க்க முடியாது. மாலை ஐந்தரைக்குத் தொடங்கி எட்டரைக்குள் பெரிய நிகழ்ச்சிகளை முடிப்பதே இந்தப் பகுதிக்குச் சரி. வார நாளாக இருந்தால் இன்னும் நல்லது.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், குடும்பங்கள் மாலையில் வீட்டில் இருக்கும், கையில் காசு இருக்காது. இலவசக் கலைநிகழ்ச்சிக்கு இதைவிடத் தேவையான பருவம் இல்லை. ஆனாலும் விழாக்கள் பெரும்பாலும் ஜனவரியிலேயே குவிகின்றன.

காற்று பார்த்து மேடை போடுவது

வெயிலில் நிலம் சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகச் சூடாகும். நிலத்தின் மேலுள்ள சூடான காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து வருவதே கடற்காற்று. கோடையில் அது பெரும்பாலும் நண்பகலை ஒட்டித் தென்கிழக்கிலிருந்து ஏறும். ஜனவரியில் பருவக்காற்றே வடகிழக்கிலிருந்து வீசுவதால், மாலையில் காற்று கிழக்கு, வடகிழக்குப் பக்கமிருந்து வரும்.

காற்று வீசும் திசையில் போகும் ஒலி தரையை நோக்கி வளையும், எதிர்த்துப் போகும் ஒலி மேலே வளைந்து ஆட்களின் தலைக்கு மேல் போய்விடும். பின்வரிசையில் சத்தம் "கரைந்துபோக" இதுவே முதல் காரணம். திடலின் அமைப்பு இடம் கொடுத்தால் ஏற்பாடு இப்படி அமைய வேண்டும்:

1. மேடை கிழக்கு ஓரத்தில், மேற்கு பார்த்து. காற்று ஒலியைப் பார்வையாளர் பக்கம் கொண்டுவரும். மாலை வெயிலும் பார்வையாளரின் முதுகில் விழும். ஆடுகிறவர்கள் கண்ணில் அந்த வெயில் அடிக்கும் என்பது உண்மை. ஜனவரி நடுவில் சூரியன் சுமார் ஆறு மணிக்கே மறைவதால் அந்தத் தொல்லை கொஞ்ச நேரம்தான்.

2. தீனிக் கடைகள் மேற்கே, கூட்டத்துக்குப் பின்னால். அத்தோ, பஜ்ஜி, மீன் வறுவல் கடைகளின் புகை அப்போது கூட்டத்தின் மேல் வராது. கடைகளைக் கிழக்கே வைத்துவிட்டு, பாடகர் இருமுகிறார் என்று வருத்தப்பட்டுப் பயனில்லை.

3. பறை காய்ச்சும் இடம் மேடையின் தென்கிழக்கு ஓரத்தில். வடகிழக்குக் காற்றில் பொறி மேடையை விட்டு விலகிப் போகும், ஆனால் தென்மேற்கே பறக்கும். அந்தப் பக்கத்தில் பந்தல் துணியோ கீற்றோ ஆட்களோ இருக்கக் கூடாது. பக்கத்தில் இரண்டு வாளி மணலும் ஒரு வாளித் தண்ணீரும் கட்டாயம்.

4. ஜெனரேட்டர் தென்மேற்கு மூலையில், நெருப்பிலிருந்தும் கேஸ் சிலிண்டரிலிருந்தும் தள்ளி. கேபிள் நீளும், செலவு கூடும். ஆனால் டீசல் புகையும் உறுமலும் மேடையை எட்டாது. மேடைக்குப் போகும் ஒவ்வொரு மின்வழியிலும் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி வேண்டும், ஏனென்றால் உப்பு ஈரம் படிந்த கேபிள் இணைப்புகளில் மின்கசிவு எளிதாக வரும்.

5. மைக்குகள் எல்லாவற்றுக்கும் பஞ்சு உறை. உறையில்லாத மைக்கில் காற்று மோதும் "பொத் பொத்" ஓசையைப் பறையின் அடி என்றே பலர் நினைத்துவிடுகிறார்கள். மைக் வயர் முனையில் உப்புக்காற்று பட்டுப் பச்சை பூத்தால் கரகரப்பு வரும். நிகழ்ச்சிக்கு முன்பே எல்லா முனையையும் துடைத்துப் பார்க்க வேண்டும்.

கரகாட்டத்துக்கும் பொய்க்கால் குதிரைக்கும் காற்று தனிச் சிக்கல். உயரமான பூ ஜோடனை வைத்த கரகமும் துணி போர்த்திய குதிரைக்கூடும் காற்றைப் பிடிக்கும். அனுபவமுள்ள ஆட்டக்காரர் ஜோடனை உயரத்தைக் குறைத்துக்கொள்வார். மேடையின் கிழக்கே, பின்புறத்தில் ஒரு தட்டியோ கனமான திரையோ கட்டித் தருவது ஏற்பாட்டாளர் செய்யக்கூடிய எளிய உதவி. திரையைக் கம்பத்தில் பல இடங்களில் இறுகக் கட்ட வேண்டும், மேலே மட்டும் கட்டினால் அதுவே பாய்மரமாகிக் கம்பத்தைச் சாய்க்கும்.

பறையை ஏன் காய்ச்சுகிறார்கள்?

பறை என்பது வட்டமான மரச்சட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் மாட்டுத்தோல் இழுத்து ஒட்டிய கருவி. ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை. அடிக்க இரண்டு குச்சிகள்: குட்டையும் தடிமனுமான அடிக்குச்சி, நீளமும் மெல்லியதுமான சிம்புக்குச்சி. இறுக்கவோ தளர்த்தவோ ஆணியும் இல்லை, வாரும் இல்லை. தோலின் இறுக்கத்தைக் கூட்ட ஒரே வழி சூடு.

தோல் நாரிழைகளால் ஆனது. ஈரத்தை உறிஞ்சினால் இழைகள் ஊறிப்போய்த் தோல் தொய்யும். இறுக்கம் பாதியானால் சுருதி முன்பிருந்ததில் சுமார் எழுபது சதவீதத்துக்கு இறங்கிவிடும். கணீர் என்ற அடி "தொப் தொப்" என்று ஆகும். சிம்புக்குச்சியின் சரசரப்புதான் முதலில் மறையும், அது மறைந்தால் ஆட்டத்தின் உயிரே போன மாதிரி.

கடலோரத்தில் இது ஏன் சீக்கிரம் நடக்கிறது? சூரியன் மறைந்ததும் காற்று குளிர்கிறது, அதிலுள்ள ஈரத்தின் விகிதம் ஏறுகிறது. கூடவே கடற்காற்றில் வரும் உப்புத்துகளும் ஆட்டக்காரரின் வியர்வை உப்பும் தோல்மேல் படிகின்றன. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். உப்புப் படிந்த தோல் தன்மேல் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. வேலூரிலோ திருவண்ணாமலையிலோ ஒரு முறை காய்ச்சினால் நெடுநேரம் தாங்கும் பறை, ராயபுரத்தில் சில உருப்படிகளுக்குள் இறங்கிவிடுவதன் காரணம் இது.

காய்ச்சும் முறை:

1. முதலில் உலர்ந்த பருத்தித்துணியால் தோலைத் துடைக்க வேண்டும். உப்பையும் வியர்வையையும் எடுக்காமல் சூடு காட்டினால் பலன் சீக்கிரம் போய்விடும்.

2. வைக்கோல், காய்ந்த ஓலை, பழைய செய்தித்தாள். இவை சட்டென்று எரிந்து அடங்கும். கட்டையும் கரியும் கூடாது, கங்கு நின்றால் சூடு அளவுக்கு மீறும்.

3. தோல்பக்கம் தீயைப் பார்த்திருக்க, ஒரு முழம் தள்ளிப் பிடித்து விடாமல் சுற்ற வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் அந்த இடம் மட்டும் சுருங்கி, நாளடைவில் அங்கேயே கிழியும்.

4. விரலால் சுண்டிக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஓசை ஏறிக் கணீரென்று நின்றதும் எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் காட்டினால் விளிம்பில் பசை காய்ந்து பெயரும்.

இதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். நிகழ்ச்சி நிரலில் இந்த நிமிடங்களுக்கு இடம் விடாததுதான் பெரும்பாலான குழப்பத்துக்குக் காரணம். நல்ல நிரலில் பறைக்குழுவுக்கு முன்னால் தோல் இல்லாத உருப்படி ஒன்று இருக்கும், ஒரு சிலம்பாட்டமோ மல்லர்கம்பமோ. அந்த நேரத்தில் குழு காய்ச்சிக்கொள்ளும். நெருப்புக்கு அனுமதி இல்லாத இடத்தில் ஹாலஜன் விளக்கையோ மின் அடுப்பையோ வைத்துச் சமாளிக்கலாம், ஆனால் நேரம் கூடும். செயற்கைத் தோல் போட்ட பறைக்கு இந்தப் பாடு இல்லை. அதன் ஓசை கூர்மையாக இருக்கும், மாட்டுத்தோலின் அடர்த்தி வராது. மழைக்கால ஊர்வலத்துக்கு அது சரி. மேடையில் உண்மையான தோலைக் கேட்க விரும்புகிறவர்கள் தீ மூட்டும் இடைவெளியைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

தவிலுக்கும் மிருதங்கத்துக்கும் ஈரம் கெடுதல்தான், ஆனால் அவற்றுக்கு வேறு வழி உண்டு. இப்போதைய தவில்களில் மரையாணி இருக்கிறது, திருகி இறுக்கலாம். மிருதங்கத்தின் வாரைக் கல்லும் கட்டையும் கொண்டு தட்டிச் சரிசெய்யலாம். நாதஸ்வரத்தின் கதை நேர்மாறு: அதன் சீவாளி நாணலில் செய்தது, ஈரமாக இருந்தால்தான் பேசும். கானா மேடையில் டோலக்கைத் திருகி இறுக்கலாம், டேப் என்கிற கைக்கொட்டில் இப்போது பெரும்பாலும் செயற்கைத் தோல். மேசையைத் தட்டிப் பாடும் கானாவுக்கு எந்தக் காற்றும் ஒன்றும் செய்யாது. தெருமுனையில், சாவு வீட்டில், கையில் கிடைத்ததைத் தட்டிப் பாடி வளர்ந்த கலைக்கு அந்த வலு இயல்பாகவே இருக்கிறது.

சத்தத்துக்குச் சட்டம் வைத்த அளவு

ஒலியின் அளவு டெசிபல். 10 டெசிபல் கூடினால் ஒலி ஆற்றல் பத்து மடங்காகும், காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகத் தோன்றும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் பகலுக்கு, அதாவது காலை 6 முதல் இரவு 10 வரை, குடியிருப்புப் பகுதியில் 55, வணிகப் பகுதியில் 65, தொழிற்பகுதியில் 75 டெசிபல் என்று வரையறுக்கின்றன.

பொது இடத்தில் ஒலிபெருக்கி வைத்தால், அந்த இடத்தின் எல்லையில் மேற்சொன்ன அளவைவிட 10 டெசிபல் கூடுதலாக இருக்கலாம், அல்லது 75 டெசிபல் வரை போகலாம். இரண்டில் எது குறைவோ அதுவே வரம்பு. குடியிருப்பு நடுவே உள்ள திடலுக்கு ஆகவே 65, கடைத்தெருவுக்கு 75. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்ட இடங்களில் பகல் அளவே 50 தான். ஸ்டான்லி மருத்துவமனைச் சுற்றுப்புறம் போன்ற இடங்களில் மேடைக்கு இடம் தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

65 எவ்வளவு குறைவு என்பது ஒரு கணக்கில் விளங்கும். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் சுமார் 6 டெசிபல் குறையும். மைக் இல்லாத ஒரு பறைக்குழு 2 மீட்டரில் 95 டெசிபல் எழுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 4 மீட்டரில் 89, 8-இல் 83, 16-இல் 77, 32-இல் 71, 64-இல் 65. மைக்கே இல்லாமல் 64 மீட்டர், அதாவது 210 அடி வேண்டும். வடசென்னையின் பல திடல்களில் மேடையிலிருந்து எதிர்ச்சுவர் வரை அந்த நீளமே கிடையாது.

ஆகவே பறைக்கு ஒலிபெருக்கி தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. பாட்டுக்கும் பேச்சுக்கும் மட்டும் மைக் போதும். ஒலி போதாத நீளமான திடலில் முன் ஸ்பீக்கரை ஏற்றுவதைவிட, நடுவில் சிறிய ஸ்பீக்கர் ஒரு ஜோடி வைப்பது மேல். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. முன் ஸ்பீக்கரிலிருந்து 30 மீட்டர் தள்ளி வைத்தால், அந்த ஜோடியின் ஒலியை 88 மில்லிவினாடி தாமதிக்க வேண்டும். தாமதிக்காமல் விட்டால் ஒவ்வொரு அடியும் இரண்டு அடியாகக் கேட்கும். "எக்கோ அடிக்குது" என்று பின்வரிசைக்காரர்கள் சொல்வது பெரும்பாலும் இந்தத் தவறைத்தான்.

இருட்டிய பிறகு தரை குளிர்ந்து, மேலே உள்ள காற்று கொஞ்சம் சூடாக நிற்கும். அப்போது ஒலி கீழ்நோக்கி வளைந்து அதிக தூரம் போகும். தெருவின் மற்ற ஓசைகளும் அடங்கிவிடும். ஆறு மணிக்கு யாரும் பொருட்படுத்தாத அதே அளவு ஒன்பது மணிக்கு மூன்று தெரு தாண்டிக் கேட்கும். எட்டு மணிக்கு மேல் ஒலியை, முக்கியமாகச் சுவர் தாண்டும் அடித்தள ஓசையை, படிப்படியாக இறக்குவது பக்கத்து வீடுகளுக்குக் காட்டும் மரியாதை.

இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது, இசைக்கருவியும் கூடாது. "மைக்கை அணைத்துவிட்டு வெறும் மேளம் அடிக்கலாமே" என்று கேட்பவர்களுக்கு விதியில் இடமில்லை. கலாச்சார, சமய விழாக்களுக்காக ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. அந்தத் தளர்வு எந்த நாளுக்கு என்பதை அரசு அறிவிக்க வேண்டும். விழாக் குழுவோ காவல் நிலையமோ தானாகக் கொடுக்க முடியாது.

கூத்து ஏன் பாதியில் நிற்பதுபோல் தெரிகிறது?

தெருக்கூத்து விடிய விடிய ஆடுவதற்கென்று அமைந்த கலை. வட மாவட்டக் கிராமங்களில் இரவு பத்து மணி வாக்கில் தொடங்கி விடியலில் முடியும். அரிதாரம் பூசி, கிரீடமும் புஜக்கட்டைகளும் கட்டி முடிக்கவே சில மணி நேரம் ஆகும். கதையை நடத்திச்செல்லும் கட்டியங்காரன் வந்து பேசி, ஒவ்வொரு வேடமும் திரைக்குப் பின்னாலிருந்து பாடித் தன்னை அறிவித்து வெளிப்படும். அந்த நிதானம்தான் கூத்தின் கட்டுமானம்.

நகரத்து விழாவில் கிடைப்பது முக்கால் மணியோ ஒரு மணியோ. கதை முழுவதையும் அதில் அடைக்க முயன்றால் திரைப்பிரவேசம் வெட்டுப்படும், வசனம் ஓடும், பார்ப்பவருக்கு ஒன்றும் புரியாமல் மேளமும் சுழற்சியும் மட்டும் மிஞ்சும். ஒரு வேடத்தின் வரவையும், வேடங்கள் எதிரெதிரே வாதாடும் ஒரே ஒரு தர்க்கத்தையும் முழுதாக ஆடுவது இதைவிட நிறைவாக இருக்கும். குழுவை நடத்தும் நல்ல வாத்தியார்கள் அப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். குழுவுக்கு நேரம் ஒதுக்கும்போது ஏற்பாட்டாளர் இதைப் பேசி முடிவுசெய்ய வேண்டும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசையில் குழுவின் வேன் மாட்டிக்கொண்டு, அரிதாரத்துக்கே நேரம் இல்லாமல் மேடையேறுவதும் நடக்கிறது. மதியம் இரண்டு மணிக்கே வரவழைத்து, சாப்பாடும் ஒப்பனைக்கு ஒரு மூடிய அறையும் தருவது கட்டாயமாக்கப்பட வேண்டிய ஒன்று.

போகிறவர்களுக்கு

- திருவொற்றியூர்ப் பக்கத்துக்குத் திருவொற்றியூர் தேரடி மெட்ரோ நிலையம், ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைக்கு வண்ணாரப்பேட்டை மெட்ரோ நிலையம். வண்ணாரப்பேட்டைக்கு வடக்கே விம்கோ நகர் வரை மெட்ரோ 2021 பிப்ரவரியில் வந்தது. கடற்கரை நிலையத்திலிருந்து புறநகர் ரயிலில் வந்தால் அடுத்த நிலையமே ராயபுரம், 1856-இல் திறந்த பழைய கட்டடம் அது. காரில் வந்தால் நிறுத்த இடம் கிடைக்காது.

- நிற்க நல்ல இடம் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே, மேடை அகலத்தைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு தள்ளி. 40 அடி மேடை என்றால் 60 முதல் 80 அடி. ஸ்பீக்கருக்கு நேர் முன்னால் குழந்தைகளை உட்காரவைக்க வேண்டாம், வேறு இடமே இல்லையென்றால் காதில் நுரைப்பஞ்சு அடைப்பான் வையுங்கள்.

- பறையும் கரகமும் பார்க்க வேண்டுமென்றால் ஐந்தரைக்கே போய்விடுங்கள். அந்த நேரத்தில் தோல் இறுக்கமாக இருக்கும்.

- ஜனவரி மாலைக் காற்றில் ஏழு மணிக்கு மேல் கைக்குழந்தைக்குக் குல்லா தேவைப்படும். தரை ஈரமாகும், உட்காரப் பழைய ப்ளெக்ஸ் துண்டு ஒன்று எடுத்துப்போனால் போதும்.

- கழிப்பறை எங்கே என்பதை நுழைந்தவுடன் கேட்டு வையுங்கள். நடமாடும் கழிப்பறை இல்லாத திடல்களில் பெண்கள் முதல் ஒரு மணி நேரத்திலேயே கிளம்பிவிடுகிறார்கள். விழாக் குழுவிடம் இதைத் தயங்காமல் கேளுங்கள். மேடை அலங்காரத்தில் ஒரு பகுதியைக் குறைத்தாலே அந்தச் செலவு அடங்கிவிடும்.